கோர்ட்டு அங்கிளிடம் ‘பவர்’ என்று சொல்லிவிடாதீர்கள்

மலேசியாவில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் கோர்ட்டு அங்கிள்தான். மந்திரிகளுக்குக்கூட அவரவர் அதிகாரம் மட்டும்தான் தெரியும். இவருக்கு எல்லாருடையதும் தெரியும். அதற்காக அவர் எங்கேயும் போய் விசாரித்ததில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் கார் பார்க் ஓரத்தில், சரோஜா அக்காவின் வடைக்கடையில், தினமும் காலையில் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. நீதிமன்றத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்ல வேண்டும். வக்கீல் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அக்கா ஒரு தடவை கேட்டதற்கு, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா சொன்னதைப் பெண்ணின் அம்மாவுக்கு விளக்கப் போய்க் காரியம் கெட்டுவிட்டது என்றார். அவரைத் தெரிந்த யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

நான் அங்கே குடிவந்த முதல் வாரத்திலேயே அவரிடம் மாட்டிக்கொண்டேன். எனக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஒருநாள் சாயங்காலம் லிஃப்டில் என் தோழியிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் மேனேஜருக்கு ரொம்பப் பவர், நினைத்தால் யாரை வேண்டுமானாலும் கிள்ளான் பிராஞ்சுக்குத் தூக்கி அடித்துவிடுவார் என்று சொன்னதுதான் தப்பாகிப்போனது. பின்னால் ஒரு தொண்டை செருமியது.

“மன்னிக்கணும் மிஸ். டிரான்ஸ்ஃபர் லெட்டர்ல அவர் கையெழுத்துப் போடுவாரா?”

முன்பின் தெரியாத மனிதர். இருந்தாலும் கேட்ட தோரணையில் சாட்சிக்கூண்டில் நிற்பதுபோல் ஆகிவிட்டது எனக்கு. இல்லை, ஹெச்.ஆர். மேனேஜர்தான் போடுவார் என்றேன்.

“அப்ப அத்தாரிட்டி ஹெச்.ஆர்.கிட்ட இருக்கு. உங்க மேனேஜர் சொன்னா அந்த ஹெச்.ஆர். கேப்பாரா?”

யோசித்துப் பார்த்தேன். அவர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். பெரிய முதலாளியின் செக்ரட்டரி மேரி சொன்னால் மட்டும் கேட்பார். இதைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஹெச்.ஆரிடம் இருப்பது அத்தாரிட்டி, மேரியிடம் இருப்பது இன்ஃப்ளூயன்ஸ், என் மேனேஜரிடம் இருப்பது வெறும் தொண்டை என்று தீர்ப்புச் சொன்னார். நான் இறங்க வேண்டியது நாலாவது மாடி. தீர்ப்பு முடிந்தபோது ஒன்பதாவது மாடியில் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் மேரிக்கு ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொண்டு போனேன். இன்றுவரை என்னை யாரும் கிள்ளானுக்கு அனுப்பவில்லை.

நம்மவர்களுக்கு எல்லாமே பவர்தான். போலீஸ்காரருக்குப் பவர், கோயில் தலைவருக்குப் பவர், மாமியாருக்கும் பவர். மிஞ்சியதெல்லாம் கேபிள். செல்வாக்கான ஆள் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பதற்கு இந்த நாட்டில் கேபிள் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தாலும் கேபிள், கல்யாண மண்டபம் கிடைத்தாலும் கேபிள். இந்த இரண்டு வார்த்தைகளும் காதில் விழுந்தால் அங்கிளுக்குச் சட்டைக்குள் எறும்பு புகுந்த மாதிரி ஆகிவிடும். ஆங்கிலேயன் இத்தனை வார்த்தைகளை வேலை மெனக்கெட்டு உண்டாக்கி வைத்திருக்கிறான், நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பட்டினி போடுகிறோம் என்பார்.

அவர் பாடம் எடுக்க மாட்டார். கண்ணில் படுகிற ஆளைக் காட்டுவார். எங்கள் கேட்டில் நிற்கும் நேப்பாளி ஜாகாவிடம், அதாவது காவலாளியிடம், இருப்பது பவர். அவன் தடுப்புக்கட்டையைத் தூக்கவில்லையென்றால் டத்தோ பட்டம் வாங்கியவரே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். நிர்வாகக் குழுவின் சேர்மனிடம் இருப்பது அத்தாரிட்டி. அது மற்றவர்கள் கொடுத்தால்தான் உண்டு, கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். லிஃப்ட் ரிப்பேர்காரனிடம் இருப்பது லெவரேஜ். லிஃப்ட் ஓடாதவரைக்கும் எல்லாரும் அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள். ஓட ஆரம்பித்த நிமிடம் அவன் யாரோ. அதனால்தான் அவ்வளவு மெதுவாகச் செய்கிறான் என்று அங்கிள் சொன்ன பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. பன்னிரண்டாவது மாடி வொங் ஆன்டியின் மகன் ஏதோ பெரிய கம்பெனியில் டைரக்டர். அவன் பெயரைச் சொன்னாலே தண்ணீர்க் குழாய்க்காரன் ஓடி வருவான். அது கிளவுட், ஆள் வராமலே பெயர் செய்கிற வேலை.

வொங் ஆன்டிக்குத் தமிழ் தெரியாது, காதும் கொஞ்சம் மந்தம். ஆனால் வடைக்காகத் தினமும் காத்து நின்றதில் இன்ஃப்ளூயன்ஸோடு சேர்த்து இந்த ஐந்து வார்த்தைகளும் அவருக்கும் மனப்பாடம். காத்திருந்த எல்லாருக்குமே மனப்பாடம்தான். அக்கா வடையைச் சுட்டுத்தான் கொடுப்பார், சுட்டு வைத்ததைக் கொடுக்க மாட்டார். அதனால் தப்பிக்க வழியில்லை.

ஒரு தடவை கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போன பாவத்தை நான் செய்தேன். மேடையில் அறிவிப்பாளர், மாப்பிள்ளையின் மாமாவை ‘இன்ஃப்ளூயன்ஷல்’ தொழிலதிபர் என்று புகழ்ந்து மேடைக்கு அழைத்தார். அங்கிள் எழுந்து போனார். வாழ்த்தப் போகிறார் என்று நான் நினைத்தேன். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதுவரை யாருடைய மனசை மாற்றியிருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற மாமி, என் மனசையே இன்னும் மாற்றவில்லை, பழைய பிரிட்ஜை வைத்துக்கொண்டு மாரடிக்கிறேன் என்றார். மைக் ஆன் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குச் சாப்பாடு பந்தியில் கிடைக்கவில்லை, அடுப்படிக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது.

இவ்வளவு பேசுகிறவர் ஒரு விஷயத்தில் மட்டும் வாயே திறக்க மாட்டார். தன் சொந்த அபிப்பிராயம். மழை வருமா அங்கிள் என்றால், வரும் என்று ரேடியோ சொல்வதாகச் சொல்வார். தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்றால், இரண்டு தரப்புமே தாங்கள்தான் என்கிறார்கள் என்பார். வார்த்தை தப்பாக விழுந்தால் உலகத்தில் யாரை வேண்டுமானாலும் திருத்துவார். விஷயத்தில் தலையிட மாட்டார். நீதிமன்றத்தில் நடுவில் நின்றே பழகிய மனிதர்.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இவர் இப்படிச் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு கிழவி குறுக்கு விசாரணையில் கோபப்பட்டு, உன்னை மாதிரி மரமண்டை இல்லைடா நான் என்று வக்கீலைச் சொன்னாராம். அங்கிள் அமைதியாக வக்கீல் பக்கம் திரும்பி, அதே வார்த்தையை நல்ல ஆங்கிலத்தில், தானே சொல்வதுபோல் சொன்னாராம். வக்கீல் கொதித்துப்போய் நீதிபதியிடம் முறையிட்டதற்கு, ‘டா’வை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியவில்லை என்பதற்காக மட்டும் அங்கிள் மன்னிப்புக் கேட்டாராம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த எங்கள் காலைகளுக்கு ஒருநாள் ஆபத்து வந்தது. புது சேர்மன் வந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர். நல்ல மனிதர், அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். லிஃப்டைச் சரிசெய்தார், சுவருக்குச் சாயம் அடித்தார், வாசலில் பனைச் செடிகளைத் தொட்டியில் வைத்தார். எதிர்ப்புறச் சொகுசுக் கொண்டோமினியம் மாதிரி நம் கட்டடமும் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வடை வாங்க வெளியிலிருந்து வருகிறவர்கள் இரண்டு வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டுப் போவார்கள். ஒருநாள் காலை அவர் மகளுக்குப் பரீட்சை, அவர் காரை வெளியே எடுக்க முடியவில்லை. அந்த வாரமே லிஃப்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டார். மாதக் கடைசிக்குள் வடைக்கடையை எடுத்துவிட வேண்டும்.

சரோஜா அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவர் லோரி ஓட்டியவர், சாலை விபத்தில் போய்விட்டார். மகள் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள். அந்தக் கடைதான் வீட்டின் அடுப்பு, மகளின் படிப்பு, எல்லாம். பக்கத்துச் சாலையில் கடை வாடகை கேட்டால் தலை சுற்றும். அறிவிப்பைப் படித்துச் சொன்னது நான்தான். அக்கா மாவில் கையை வைத்தபடி நின்றார். எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்த பிறகுதான் அசைந்தார்.

உடனே எங்கள் ஆட்கள் நாம் எல்லாரும் செய்வதைச் செய்தார்கள். கேபிள் தேடக் கிளம்பினார்கள். மூன்றாவது மாடி செல்வம் வாடகைக்கார் ஓட்டுகிறவன். அவன் மனைவியின் மச்சான் ஷா ஆலத்தில் ஒரு ஒய்பியின், அதாவது சட்டமன்ற உறுப்பினரின், அலுவலகத்தில் டிரைவர். அதைவிடப் பெரிய கேபிள் எங்கள் கட்டடத்தில் யாரிடமும் இல்லை. சனிக்கிழமை காலை செல்வம், அக்கா, நான், ஒரு டப்பா வடை எல்லாரும் கிளம்பினோம். அங்கிளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

டிரைவர் மச்சான் எங்களை வாசலிலேயே பார்த்தார். இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு, அதிகாரியிடம் பேசுவதாக உள்ளே போனார். அவரிடம் இருப்பது உள்ளே நுழைய முடிகிற அக்சஸ்தான், இன்ஃப்ளூயன்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம் என்று அங்கிள் என் காதில் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி இளைஞர், தமிழர், தங்கமான பிள்ளை. எங்களுக்குத் தண்ணீர் போத்தல் கொடுத்தார். அக்கா கணவர் இறந்ததிலிருந்து ஆரம்பித்தார். அதிகாரி வடையைத் தின்றபடி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கண்கூட லேசாகக் கலங்கியது. நாங்கள் காரியம் பழம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, இடம் எங்கே என்று கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றான் செல்வம்.

அவர் வடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அண்ணே, அது கோலாலம்பூர். நாங்க சிலாங்கூர். அது எங்க ஸ்டேட்டே இல்லையே.”

திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் பாதி தூரம் வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். அங்கிள், இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன்.

“என்னை யாரும் கேக்கலையே மிஸ்.”

செல்வம் காரை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. அடுத்த வாரம் குடியிருப்பாளர்களின் பொதுக்கூட்டம். அங்கே பேச வேண்டும். எங்கள் கட்டடத்தில் எல்லா இனமும் உண்டு, கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். அக்காவுக்கு ஆங்கிலம் வராது, தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சில், வடை விற்கலாம், வாழ்க்கையைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே எல்லாரும் அங்கிளைச் சுற்றிக்கொண்டோம். நீதிமன்றத்தையே பார்த்தவர், ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார், அக்காவுக்காக நீங்கள்தான் பேச வேண்டும் என்றோம்.

அவர் மறுத்துவிட்டார். அக்கா பேசட்டும், நான் மொழிபெயர்க்கிறேன் என்றார். பக்கம் சேர்ந்து பேசுவது வக்கீல் வேலை, தன் வேலை இல்லை. செல்வம் விடவில்லை.

“அங்கிள், அக்கா பேசறதோட நீங்களா ரெண்டு வரி சேத்து விடுங்க லா. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்,” என்றார் அங்கிள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தினமும் அந்தக் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதர், ஒரு வார்த்தை பேசினால் நாக்கு தேய்ந்தா போய்விடும் என்று அவர் காதுபடவே சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவருக்கு நான் குட்மார்னிங் சொல்லவில்லை. அவரும் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு காலை கீழ்மாடி மண்டபத்தில் கூட்டம். அங்கிள் முழுக்கைச் சட்டை, டை, பளபளக்கும் கறுப்புக் காலணி என்று வந்திருந்தார். அக்காவுக்கு அரை அடி பின்னால், இடது பக்கமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். அங்கிள் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார், ‘நான்’ என்றே சொன்னார். நரைத்த தலையும் டையுமாக ஓர் ஆண்பிள்ளை, என் கணவர் லோரி ஓட்டினார், அவர் இறந்தபோது என் மகள் சின்னப் பிள்ளை என்று கணீரென்று சொன்னால் எப்படி இருக்கும். முன்வரிசையில் வொங் ஆன்டி பக்கத்து ஆளின் தோளைத் தட்டினார்.

“அய்யோ, திஸ் அங்கிள் ஹஸ்பண்ட் ஆல்ஸோ டை ஆ?”

மண்டபம் சிரித்தது. அங்கிள் கண்ணைக்கூட அசைக்கவில்லை. சிரிப்பில் அக்காவுக்குப் பயம் விட்டுப்போய், கோபம் ஏறிவிட்டது. சேர்மனைப் பார்த்து விரலை நீட்டினார்.

“வாக்கிங் போறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு, தூணுக்குப் பின்னாடி நின்னு என் வடையைத் தின்னுட்டுப் போற மனுசன் இவரு. டாக்டர் எண்ணெய் கூடாதுன்னு சொல்லியிருக்காராம். இன்னிக்கு என் கடையை எடுக்கச் சொல்றாரு.”

நாங்கள் அங்கிளுக்குக் கையைக் காட்டினோம், கண்ணைக் காட்டினோம். கொஞ்சம் மழுப்பிவிடச் சொல்லி செல்வம் கும்பிடுகூடப் போட்டான். அங்கிள் தூண், டாக்டர், எண்ணெய் எதையும் விடவில்லை. சேர்மன் தமிழர் என்பதால் அந்தத் திட்டு அவருக்கு இரண்டு தடவை கிடைத்தது. முதல் வரிசையில் இருந்த அவர் மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சேர்மன் முகம் சிவந்து எழுந்தார். சொந்த விஷயம் இங்கே வேண்டாம், பொது இடத்தில் இருப்பதை அகற்ற எனக்குப் பவர் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அக்கா மொழிபெயர்ப்புக்காகத் திரும்பிப் பார்த்தார். அங்கிள் கையைத் தூக்கினார். சந்தேகம் இருந்தால் கேட்க மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதி உண்டு என்று சொல்லிவிட்டு, சேர்மன் சொல்வது பவரையா, அத்தாரிட்டியையா என்று பணிவாகக் கேட்டார்.

இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்றார் சேர்மன், பாவம். வடைக்காகக் காத்து நின்ற அத்தனை பேரும், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும், ஒரே நேரத்தில் அவருக்கு விளக்க ஆரம்பித்தார்கள். அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. கடைசியில் வொங் ஆன்டி எழுந்து, அத்தாரிட்டியை நாங்கள்தான் உங்களுக்குக் கொடுத்தோம், இந்த விஷயத்துக்குக் கொடுத்தோமா என்று எங்களையே கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சேர்மன் நல்ல மனிதர் என்று சொன்னேனே. சரி, கடை இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கட்டும் என்றார். அதற்கு முன்னால் குடியிருப்பாளர் யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கூட்டமாகக் கத்தியவர்கள் ஒற்றையாகப் பேசச் சொன்னதும் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் கார் நிறுத்த இடமில்லாத கோபத்தோடு நிறையப் பேர் இருந்தார்கள். ஓட்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியவில்லை.

அப்போது அங்கிள் டையை அவிழ்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அக்காவுக்குப் பின்னாலிருந்து நகர்ந்து முன்னால் வந்தார். ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்து நிறுத்தினார். மலாயில் ஆரம்பித்து அதையும் நிறுத்தினார். ஊராரின் பேச்சையெல்லாம் தடங்கலில்லாமல் பேசிய அந்த வாய் திக்கியது. பிறகு தமிழில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அந்த வடை நல்லா இருக்கும்.”

சட்டைப் பையில் இருந்த டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“காலையில அங்க உக்காந்தா, நாலு பேரு எங்கிட்ட பேசுவாங்க. வீட்டுல யாரும் இல்ல.”

அவ்வளவுதான் அவருக்கு வந்தது. பாதி மண்டபத்துக்குப் புரியவில்லை. என்ன சொன்னார் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கு அரை அடி பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். ‘நான்’ என்றே சொன்னேன். என் வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லி முடித்தேன். அங்கிள் என் பக்கம் சாய்ந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“நாலு பேருக்கு ஃபோர் பெர்சன்ஸ்னு சொல்லிட்டீங்க மிஸ். அது தப்பு,” என்று கிசுகிசுத்தார்.

திருத்திச் சொன்னேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் முட்டியது.

முதலில் உயர்ந்தது சேர்மன் மனைவியின் கை. அதற்குப் பிறகு எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பின்வரிசையிலும் தூக்கினார்கள். கடையை ஜாகாவின் அறைப் பக்கமாக நகர்த்த வேண்டும், வாங்க வருகிறவர்கள் வெளிச்சாலையில்தான் வண்டி நிறுத்த வேண்டும் என்று சேர்மன் நிபந்தனை போட்டார். நியாயம்தான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அங்கிள் கீழே வரவில்லை. புது இடத்தில் முதல் ஈடு வடை ஆறிப்போனது. அக்கா அடுப்பை அணைத்தார், ஒரு தட்டில் இரண்டு வடையும் டீயும் எடுத்துக்கொண்டார். நானும் கூடப் போனேன். கதவைத் திறந்த அங்கிள் சாரோங் கைலியில் இருந்தார், சவரம் செய்யவில்லை. நடுவில் நிற்க வேண்டியவன் ஒரு பக்கமாகப் போய் நின்றுவிட்டேன், இனி எந்த முகத்தோடு கீழே வருவது என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அக்கா தட்டை அவர் கையில் வைத்தார்.

“டீ ஆறுது. சாப்பிட்டுட்டு நீங்களா கீழ வரீங்களா, இல்ல நான் இங்க உங்க வாசல்லயே கடையைப் போடவா?”

அங்கிள் தட்டையும் அக்காவையும் பார்த்தார். அக்கா சொன்னது பவரா, அத்தாரிட்டியா, லெவரேஜா என்று யோசித்திருக்க வேண்டும். என்ன முடிவுக்கு வந்தார் என்று சொல்லவில்லை. சவரம் செய்துகொண்டு அரை மணி நேரத்தில் வருகிறேன் என்றார், வந்தார்.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. கீழே வர நேரமாகிவிடுகிறது. சில நாள் வருவதில்லை, கிள்ளானில் இருக்கும் தங்கை மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். எனக்குக் காலையில் ரயில் பிடிக்கிற அவசரம். ஆனாலும் அவரைக் காணோம் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அக்காவின் கடையில் நின்றுவிடுவேன். ஒரு ரயில் போகும், சில நாள் இரண்டும் போகும். லிஃப்ட் கதவு திறந்து, சுவரைப் பிடித்தபடி அந்த ஒல்லியான உருவம் வெளியே வருவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆபீஸ் போகக் கால் எழும்பும்.